பண்ணை வீட்டு முகவரி

“இன்டர்வியூ கார்டா? அது வந்து நாலு நாளாச்சே. பண்ணை வீட்டுல குடுத்துட்டேனே” என்றார் தபால்காரர் தங்கமணி, வாய்க்கால் மதகில் சைக்கிளைச் சாய்த்தபடி.

விண்ணப்பத்தில் முகவரி எழுதியது நான்தான். கழக ஆட்சி வந்து எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் வந்துவிட்டது, தபால்காரர்தான் வரவில்லை. எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் பண்ணையார் பெயரைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்திலும் ‘மே/பா பஞ்சநதம் அவர்கள்’ என்று முத்து முத்தாக எழுதி வைத்திருந்தேன். புத்தி கெட்டவள். வேலைநிறுத்தம் வரும் என்று அப்போது யார் கண்டது?

மார்க்கையும் சொல்லிவிடுகிறேன். பி.யு.சி.யில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. வேதியியல் எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. எண்பது வாங்கிய தோழிகளே சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கிருந்த ஒரே வழி இன்டர்வியூதான். அதற்குத் தனி மார்க் உண்டு, நன்றாகப் பேசினால் மேலே ஏறி வரலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பேச வரும். அது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா கண்ணுசாமி விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். குறுவை அறுப்புக்குக் கூலி உயர்த்தும்வரை பண்ணை வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டவர் அவர்தான். பண்ணை மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறதென்று மனசு கேட்காமல் உள்ளே போய்வந்த வீரையனை, சங்கக் கொடிமரத்தடியில் நிறுத்தித் தெரு முழுக்கப் பார்க்க மன்னிப்புக் கேட்க வைத்தவரும் அவர்தான். அன்று எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சேதியைக் கேட்டு அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். “கட்டுப்பாடு கட்டுப்பாடுன்னு புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுறாதீங்க” என்று அம்மா அழுதாள். அப்பா எழுந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் தெருவே வந்தது.

பண்ணை வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று அப்பா சொன்னார். “எம் பொண்ணு கார்டக் குடுத்துடுங்க.”

பஞ்சநதம் அதைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு, தஞ்சாவூர்ல. கார்டு இல்லாம உள்ள விடமாட்டானாம், போட்டுருக்கான். ஒம் மவ மார்க்கயும் விசாரிச்சேன் கண்ணுசாமி. போன வருசம் அறுபத்தெட்டு வாங்குன எந்தங்கச்சி மவனுக்கே கெடைக்கல. அம்பத்தி நாலுக்கா குடுக்கப் போறான்?” என்று சிரித்தார். கேட்டிலிருந்து நாலு எட்டு உள்ளே ஒரு மாட்டு வண்டி நின்றது. அதன் பலகையில் கார்டை வைத்தார். “வேணும்னா வந்து எடுத்துக்க.”

நான் காலை எடுத்து வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“கட்டுப்பாடு போட்டவன் நான். நீ மிதிக்காத.”

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முன்னால் நின்ற வீரையன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா உள்ளே போனார். நாலு எட்டு. தோளில் கிடந்த துண்டை எடுக்கவில்லை. கார்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

வரப்பில் நடக்கும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “கெடைக்குமா அம்சவல்லி?”

“தெரியலப்பா.”

மறுநாள் விடியற்காலையில் நானும் அம்மாவும் மட்டும் குடவாசலிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் ஏறினோம். அப்பா வழியனுப்பக்கூட வரவில்லை. பஸ் எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். கொடிமரத்தடியில் கூட்டம் நின்றது. நடுவில், வீரையன் நின்ற அதே இடத்தில், அப்பா நின்றிருந்தார். பண்ணையார் முன்னால் எடுக்காத துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“எங்கம்மா போவணும்?” என்று கண்டக்டர் இரண்டாம் முறையாகக் கேட்டார். கார்டை இறுகப் பிடித்திருந்தேன். எனக்குப் பேச வரவே இல்லை.