மதிலில் சாய்ந்த சித்தப்பா

மனித குலத்தின் சகல சீரழிவுகளுக்கும் காரணம் 'நீங்க எந்த ஊரு?' என்ற கேள்விதான். முதலில் ஊர். அப்புறம் தெரு. அப்புறம் யார் வீடு. மூன்றாவது பதிலில் சாதி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். இதைக் கல்லூரிப் பட்டிமன்றத்தில் நிரூபித்தேன். நடுவர் அழுதார். அன்றிலிருந்து நான் யாரையும் ஊர் கேட்பதில்லை.

எங்கள் உல்லாசக் கப்பல் மத்தியதரைக் கடலில் ஒரு கோட்டை நகரத்தை ஒட்டி நின்றது. ஒரு பகல் மட்டும் நிற்கும். நகரத்தைவிட மதில் பெரியது. மதிலுக்குள் மதில், அதற்குள் இன்னொரு மதில். நடுவில் ஒரு தேவாலயமும் ஐஸ்கிரீம் கடையும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மதில் கற்களுக்கு முகம் இருந்தது. மற்றபடி விசேஷமில்லை.

"போன கப்பல்ல வந்தவங்க," என்றார் வழிகாட்டி தேவசகாயம், மடக்கிய குடையால் சுட்டி. "யாரும் விசாரிக்காம விட்டா இந்த ஊர்ல மனுஷன் கல்லாயிருவான். போட்டோ எடுத்துக்கலாம். பிளாஷ் வேண்டாம்."

என் சித்தப்பா இசக்கியப்பன் போட்டோ எடுக்கவில்லை. கால் வலிக்கிறது என்று மதிலில் சாய்ந்தார். பக்கத்துக் கல்லைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க எந்த ஊரு?"

"வள்ளியூர்," என்றது கல்.

"அட, நம்ம பக்கம்! வள்ளியூர்ல எங்க?"

"கீழத் தெரு."

கல்லுக்குக் கன்னம் வந்தது. "யாரு வீடு?" என்றதும் தோளும் கையும் வந்தன. வீட்டைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் முழுசாக வெளியே வந்தாள். சேலையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டினாள். நன்றி சொல்லாமல் கப்பலை நோக்கி நடந்தாள்.

"பாத்தியாலே?"

"சாதியக் கேட்டு உசுரு குடுக்கீங்க. வெக்கமா இல்ல சித்தப்பா?"

"உசுரு வந்துச்சுல்லா?"

கைக்கு எட்டிய கல்லையெல்லாம் அவர் விசாரித்தார். அவரை யாரும் விசாரிக்கவில்லை. வெளியே வந்தவர்களுக்குக் கப்பலைப் பிடிக்கும் அவசரம்.

"ஏலே, காலு மரத்த மாதிரி இருக்கு."

குனிந்து பார்த்தேன். முழங்கால் வரை மதில். இடுக்கில் புல் முளைத்திருந்தது.

இழுத்தேன். வரவில்லை. வேறு கேள்விகள் கேட்டுப் பார்த்தேன். சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? பிடிச்ச நிறம் என்ன?

"பச்சை," என்றார். இடுப்பு வரை கல்லானது.

கப்பல் சங்கு ஊதியது. தேவசகாயம் குடையோடு வந்தார்.

"ஏறுங்க சார். உங்க கட்டில்ல வள்ளியூர் அம்மா படுத்தாச்சு."

"இவர மதிலோட பேத்து எடுத்துட்டு வரலாமா?"

"கல்லு ஏத்த மாட்டாங்க."

"அப்ப நீங்களாவது ஊரக் கேளுங்களேன்."

"எனக்கு டூட்டி முடிஞ்சிருச்சு சார்."

அவர் போனார். ஏணியைத் தூக்க ஆரம்பித்தார்கள். ஓடினால் ஏறிவிடலாம். நாலடி நடந்தேன். தெரு நீளவில்லை, என்னைத் தடுக்கக் குறுக்கே எந்தக் கதவும் முளைக்கவில்லை. போகாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா கழுத்து வரை போயிருந்தார்.

"நீ போலே," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. "உன் கொள்கைய விட்டுராத."

பிறகு வாய் மூடியது.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் காதருகே போனேன். காது கரடுமுரடாக இருந்தது.

"நீங்க எந்த ஊரு?"

உதடு அசைந்தது. ஊரைச் சொன்னார். எங்கள் ஊர்தான். தாடை மீண்டது.

"அங்க எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னார். நெஞ்சு வரை வந்துவிட்டார். பின்னால் கப்பல் கரையை விட்டு விலகும் சத்தம் கேட்டது.

"யாரு வீடு?"

சித்தப்பா யோசித்தார். நான் பிறந்த வீடு. அவரும் பிறந்த வீடு. நான் பெயரை எடுத்துக்கொடுத்தேன். அது செல்லுபடியாகவில்லை. அவரே சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அவர் யோசிக்க யோசிக்க நெஞ்சு மறுபடி சாம்பல் நிறமாகத் தொடங்கியது.

மடித்த வேட்டியை இறக்கிவிட்டு, எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டேன்.