ஒரு சொல்லும் கூட்டக் கூடாது

கோபம் வந்தால் என் கால் தையல் மெஷினை விட்டு இறங்காது. என் நாடகத்துக்கு அரசாங்க ஆர்டர் வந்த அன்று ஒரே மூச்சில் நான்கு பள்ளிக்கூடச் சீருடை தைத்து முடித்தேன். குத்தாலம் கடைத்தெருவில் என் கடை. பகலில் தையல், சாயங்காலம் அதே இடத்தில் நாடக ஒத்திகை. குழுவில் ஆறு பேர். எழுதுவதும் இயக்குவதும் எழில்மொழியாகிய நான்தான்.

தரங்கம்பாடிக்கு மேற்கே, வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் மணல்வெளி என்று ஒரு ஊர். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி அங்கே டிவியில் வந்துவிடும். தண்ணீர்தான் வராது. போன வருஷம் அந்த ஊர்க் கலை விழாவில் ஏதோ திட்ட விளக்க நாடகம் போட்டார்கள். வாய்க்கால் நிரம்பி வழிகிறது என்று மேடையில் பாட்டு வேறு. பத்தே நிமிஷத்தில் பாதிச் சனம் எழுந்து போய்விட்டது. கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்களில் கலியபெருமாள் அண்ணனும் ஒருவர். வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. சுற்றுவட்டாரத்தில் எங்கே நாடகம் என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நானும் பார்க்க வந்திருந்தேன். வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாடகம்னா எங்க இருந்தாலும் வந்து பாப்போம் தங்கச்சி. எங்க கதைய எங்ககிட்டயே மாத்திச் சொன்னா எதுக்கு வரணும்? நீயாவது உள்ளத உள்ளபடி போடு. அடுத்த தடவையும் இப்படின்னா, இந்த ஊர்ல ஒரு ஆளு வரமாட்டான். நானும் வரமாட்டேன்."

"போடுறேண்ணே" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்படித்தான் 'மதகு' நாடகத்தை எழுதினேன். கடைசிக் காட்சியில் விவசாயி ஒருவன் மனுவோடு அதிகாரி முன்னால் நின்று, "தண்ணி எப்ப சார் வரும்?" என்று கேட்பான். அதிகாரி பதில் சொல்ல மாட்டார். சும்மா நிற்பார். திரை இறங்கும். அவ்வளவுதான் முடிவு.

அரசாங்கம் நடத்தும் அந்த விழாவில் மேடை வேண்டுமென்றால் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். விழா அலுவலர் சந்தானகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"பிரமாதமா எழுதியிருக்கீங்கம்மா. மெட்ராஸ்ல படிக்கறச்சே நான் ஒரு நாடகம் விட்டதில்ல. ஆனா முடிவு ஒரே இருட்டா இருக்கே. அதிகாரி ஏன் பேசாம நிக்கணும்? ஜனங்களுக்கு நம்பிக்கை குடுக்க வேண்டாமா?"

"நெஜத்துல அப்படித்தாங்க சார் நிக்கிறாங்க."

அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பச்சை மைப் பேனாவைத் திறந்து, ரசித்து ரசித்து அவரே நாலு வரி எழுதிச் சேர்த்தார். அதிகாரி மதகைத் திறக்கிறார். 'உங்கள் துயரை நாங்கள் அறிவோம். இதோ, கடைசி வயல் வரை தண்ணீர் பாயும்' என்கிறார். விவசாயி கும்பிடுகிறான். ஒரு வாரத்தில் ஆர்டர் வந்தது. அனுமதிக்கப்பட்ட பிரதியில் ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மீறினால் மேடை இனிமேல் கிடையாது.

விவசாயியாக நடிக்கும் வீரமணிக்கு வந்ததே ஆத்திரம். "விட்டுத் தள்ளுக்கா. இதப் போய் மணல்வெளியில போட்டா செருப்புதான் வரும்."

அதிகாரி வேஷம் ராம்கிக்கு. எல்.ஐ.சி. ஏஜென்ட், பேச்சில் கெட்டி. "வேணா நக்கலா இழுத்துச் சொல்லிரவாக்கா?"

"ஒன்னும் இழுக்க வேணாம். சார் எழுதினத சார் எழுதின மாதிரியே சொல்லு. பாக்க வர்றவங்க ஒன்னும் மாங்கா மடையங்க இல்ல."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் கலியபெருமாள் அண்ணன் பாதியில் எழுந்து போவது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அவர் போனால் ஊர் போகும். ஊர் போனபின் மேடை யாருக்கு?

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. மணல்வெளிக் கலையரங்கத்துக்கு முன்னால் இருநூறு பேராவது இருந்தார்கள். சம்பா நாற்று காய்கிற நேரத்திலும் வந்திருந்தார்கள். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண்கள் காலி அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் சந்தானகிருஷ்ணன் சார். இடது பக்கம் கலியபெருமாள் அண்ணன்.

நாடகம் நன்றாகவே போனது. கடைசிக் காட்சியில் ராம்கி மதகைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். "இதோ, கடைசி வயல் வரை தண்ணீர் பாயும்."

 அன்னக்கூடைப் பக்கமிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான் எழுதிய எந்த நகைச்சுவைக்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. சார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்போது கலியபெருமாள் அண்ணன் எழுந்தார். போச்சு, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வாசல் பக்கம் போகவில்லை, மேடைக்கு வந்தார். எங்கள் பக்கம் நடிப்புப் பிடித்துப்போனால் பாதி நாடகத்தில் மேடையேறி சோடா கொடுப்பார்கள், துண்டு போர்த்துவார்கள். அது முடியும்வரை நாடகம் நிற்கும், மைக் அவர்கள் கைக்குப் போகும். அதனால் அவரை யாரும் தடுக்கவில்லை. மைக்செட்காரர் பழக்கப்படி மைக்கை நீட்டினார். ராம்கி துண்டு வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்தான்.

அண்ணன் கையில் இருந்தது காலித் தண்ணீர் பாட்டில்.

"ரொம்ப சந்தோஷம் சார், தொறந்துட்டீங்க. நான்தான் அந்தக் கடைசி வயலு. இதுல கொஞ்சம் புடிச்சுக் குடுங்க. நாத்து காயுது."

ராம்கி ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தான். ஆயிரம் பாலிசி விற்ற வாய், ஏதாவது சொல்லிச் சமாளிக்கத் துடித்தது. நான் ஆர்டரைத் தூக்கிக் காட்டினேன். ஒரு சொல்லும் கூட்டக் கூடாது. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். அண்ணன் பாட்டிலை நீட்டியபடி நின்றார். சிரித்த சனமெல்லாம் அடங்கிப்போனது. நான் எழுதிய முடிவு தானாகவே மேடைக்கு வந்து சேர்ந்திருந்தது. திரையை இறக்கச் சொன்னேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

சார் மேடைக்குப் பின்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அந்தப் பெரியவர் பேசினது பிரதியில இல்லையேம்மா."

"அவரு நடிகர் இல்லீங்க சார். பாக்க வந்தவரு. பாக்க வர்றவங்க என்ன பேசணும்னு ஆர்டர்ல ஒன்னும் போடலீங்களே."

சார் ஆர்டரை வாங்கிப் படித்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். அதற்குள் கலியபெருமாள் அண்ணன் வந்துவிட்டார்.

"அடுத்த நாடகம் எப்ப தங்கச்சி? சொல்லியனுப்பு, ஊரோட வந்துர்றோம்."

 "சொல்லியனுப்புறேண்ணே" என்றேன். அவர் சாரின் பக்கம் திரும்பினார்.

"இவருதான் நெஜ ஆபீசருங்களா?"

ஆமாம் என்றேன். அண்ணன் அந்தக் காலிப் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

"தண்ணி எப்ப சார் வரும்?"

சார் பதில் சொல்லவில்லை. நான் முதலில் எழுதியிருந்தபடியே நின்றார்.