பாதி சீவிய கம்பி

இந்தக் காலத்தில் எவனும் எதையும் முழுசாகச் செய்வதில்லை. மாம்பெத் கிழவருக்கு இதுதான் தீராத வயிற்றெரிச்சல். பையன்கள் தலையைப் பாதி சிரைத்துக்கொண்டு பாதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மூன்று வருஷமாக வேலி போடுகிறான். இன்னும் அவன் மாடு இவர் வைக்கோலைத்தான் தின்கிறது. வீட்டுக்குள் பார்த்தால், மருமகள் கனிஷாய் ஒரு கைக்கு மட்டும் நகச்சாயம் பூசியிருக்கிறாள். மறு கைக்கு நேரம் கிடைக்கவில்லையாம். செக்கச்செவேல் என்ற அந்த விரல்களோடுதான் மாவு பிசைகிறாள்.

அன்று காலை ஜன்னல் திட்டில் பேத்தி நூரிஸா செய்துவைத்திருந்த சாமானைப் பார்த்தபோது அவருக்கு அந்த எரிச்சல் இன்னும் ஏறியது.

மோட்டாராம். ஒரு தடித்த பேட்டரி. அதன் இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய இரண்டு ஊக்குகள், கொம்பு மாதிரி நின்றன. பேட்டரியின் முதுகில் ஒரு காந்தம். அது அவருடைய காந்தம். மாடு ஆணியை விழுங்கினால் குடலைக் குத்தாமல் இழுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று கால்நடை மருத்துவர் ஒரு பசுவின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டது. பசுவைக் குளிர்கால இறைச்சிக்காக அறுத்தபோது திரும்பக் கிடைத்தது. அன்று முதல் வைக்கோலில் கம்பித்துண்டு கிடக்கிறதா என்று துழாவ அவர் அதைத்தான் வைத்திருந்தார். கேட்காமல் எடுத்துவிட்டாள் கழுதை.

"சாயங்காலம் கிர்ருனு சுத்துச்சு தாத்தா. நீங்கதான் வந்து பாக்கல" என்று முந்தின ராத்திரி சொல்லியிருந்தாள்.

"நான் பாக்கலைன்னா அது சுத்தல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இன்றைக்கு இதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். எவருடைய மோட்டார் நன்றாகச் சுற்றுகிறதோ அந்த ஒருவரைத்தான் இயற்பியல் வாத்தியார், நாரின் என்ற நகரத்தில் நடக்கும் போட்டிக்கு அழைத்துப்போவார். பத்து நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று நூரிஸா சுற்றும் பகுதியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். தாமிரக் கம்பியை வளையமாகச் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல நீட்டியிருந்தாள். கிழவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கம்பியின் மேல் பழுப்பாக ஒரு பூச்சு. நீட்டிய முனைகளில் மட்டும் அதைச் சீவியிருக்கிறாள். அதையாவது ஒழுங்காகச் சீவினாளா? மேல்பக்கம் பளபளவென்று தாமிரம்; அடிப்பக்கம் பூச்சு அப்படியே. இரண்டு முனையிலும் அதே லட்சணம்.

மாம்பெத் ஐம்பது வருஷமாக ஆட்டுத்தோல் சீவியவர். கொழுப்பை ஒரு விரல் அகலம் விட்டாலும் தோல் நாறிவிடும், புழு வைக்கும், ஊரே சிரிக்கும். இந்த வீட்டிலிருந்து பாதி சீவிய சாமான் நாலு பேர் முன்னால் போவதா? நூரிஸா பால் கறக்கப் போயிருந்தாள். கிழவர் தோல் சீவும் கத்தியை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை அளவுகூட விடாமல், சுற்றிலும் சீவிவிட்டார். இப்போதுதான் முகம் கழுவிய பிள்ளை மாதிரி இருந்தது.

தேநீருக்கு உட்காரும்போது நூரிஸா வளையத்தை ஊக்குகளின் காதுகளில் மாட்டி லேசாகத் தட்டிவிட்டாள். வளையம் துள்ளியது. இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது, மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி வெடவெடத்துவிட்டு நின்றுபோனது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே நடுக்கம்.

"அம்மா! நேத்து சுத்துச்சுல்ல? நீயும்தானே பாத்தே?" என்று நூரிஸா கத்தினாள்.

"பாத்தேன்டி. நல்லா சுத்துச்சே."

"எப்படிச் சுத்தும்?" என்றார் கிழவர். "பாதி சீவி வெச்சிருந்தே. நல்லவேளை, நான் முழுசா சீவிட்டேன்."

நூரிஸா வளையத்தைக் கழற்றி முனைகளைப் பார்த்தாள். பிறகு தாத்தாவைப் பார்த்தாள்.

"தாத்தா! அது வேணும்னே விட்டது!"

"வேணும்னே எவளாவது பாதி வேலை செய்வாளா?"

"பாதிச் சுத்துக்குத்தான் கரண்ட் போகணும். அந்தப் பாதியில காந்தம் இதைத் தள்ளும். மீதிப் பாதியிலயும் கரண்ட் போச்சுன்னா அதே காந்தம் பின்னால தள்ளிடும். அதான் இப்ப நடுங்குது."

"அப்ப மீதிப் பாதிக்கு யாரு தள்ளுறா? உங்க வாத்தியாரா?"

"யாரும் தள்ள வேணாம். வந்த வேகத்துல தானா போகும்."

"தானா போகுமாம்! நம்ம வீட்டுல எது தானா போயிருக்கு?"

"ஐயோ அம்மா, நேரம் ஆகுது, வேற கம்பியும் இல்ல. நான் என்ன செய்வேன்!"

கனிஷாய் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்தப் பூச்சு எதுக்குடி? கரண்டைத் தடுக்கத்தானே?"

"ஆமா."

அலமாரிக்குப் போய்ச் சிவப்பு நகச்சாயக் குப்பியோடு திரும்பினாள். "அப்ப இது தடுக்காதா?"

நூரிஸா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு முனையிலும், பழைய பூச்சு இருந்த அதே பக்கத்தில், மெல்லிசாகச் சிவப்பைத் தீட்டி அடுப்புச் சூட்டில் காட்டினார்கள். வீடு முழுக்க நெடி. கிழவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

"கம்பிக்கு நகம் முளைச்சிருக்கு, பூசுங்க, பூசுங்க."

"நீங்க சீவலைன்னா எதுக்குப் பூசப்போறோம் மாமா?"

சாயம் காய்ந்ததும் நூரிஸா வளையத்தை மாட்டினாள். தட்டினாள். வளையம் ஒரு சுற்று தயங்கியது, இரண்டாவதில் நிமிர்ந்தது, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது.

மாம்பெத் குனிந்தார். மூக்கு ஊக்கைத் தொடும் தூரத்துக்குப் போனார். மேலே கையை வீசிப் பார்த்தார். நூல் எதுவும் கட்டியிருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். தன் மூச்சுக்காற்றும் அதை ஓட்டவில்லை. காந்தத்தைப் பிடுங்கினார். சட்டென்று தளர்ந்து நின்றது. திரும்ப வைத்தபோது தலைகீழாக வைத்துவிட்டார். தானே விரலால் தட்டினார்; நடுங்கியது. எதிர்ப்பக்கமாகத் தட்டினார். ஓடியது, எதிர்ப்பக்கமாகவே!

"பாத்தியா! அப்ப அங்கிட்டு, இப்ப இங்கிட்டு. ஒரு நிலை இல்லாத பொருள் இது. ஆனா ஒண்ணு, ஓட்டுறது என் காந்தம்தான்."

"காந்தம் உங்களுதுதான் தாத்தா. ஆனா அந்தப் பாதியும் வேணும்." நூரிஸா சிரித்தாள். "உங்களுக்குக் கிண்ணத்துல டீ எப்படி ஊத்துவோம்? பாதிதானே? நிறைய ஊத்தினா, குடிச்சிட்டுக் கெளம்புங்கன்னு அர்த்தம்னு கோவப்படுவீங்கல்ல? பாதி பாதியா ஊத்துறதாலதானே உக்காந்துட்டே இருக்கீங்க? இதுவும் அப்படித்தான் ஓடிட்டே இருக்கு."

"டீயும் கம்பியும் ஒண்ணாடி? முழுசா இருக்கறது பாதியாகிட்டா நல்லா ஓடும்னா, நாளைக்கு என் குதிரைக்கு ரெண்டு கால் போதும்பே."

"அப்ப முழுசுதான் நல்லதுங்கறீங்க, மாமா?" என்றாள் கனிஷாய். கெண்டியைச் சாய்த்து அவர் கிண்ணத்தை விளிம்பு தட்டத் தட்ட நிரப்பினாள்.

கிழவர் கிண்ணத்தைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பில்லை. சிவப்பு விரல்கள் மட்டும் கெண்டியின் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தன. கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து தொப்பியை எடுத்தார்.

நூரிஸா மோட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "தாத்தா, காந்தத்தை எடுத்துட்டுப் போறேன்! நாரின் போயிட்டு வந்து குடுத்துடறேன்!"

"முதல்ல பள்ளிக்கூடத்துல சுத்தட்டும்" என்றார் அவர். "நம்ம வீட்டு அடுப்புச் சூட்டுல சுத்தியிருக்கும். அங்க ஒரே குளிரு."

அவள் காதில் அது விழவில்லை. ரோட்டில் பாதி தூரம் போய்விட்டாள். மாம்பெத் தொழுவத்துக்கு நடந்தார். காந்தம் இல்லாததால் குனிந்து, வைக்கோலை ஒவ்வொரு பிடியாக எடுத்து, கம்பி கிடக்கிறதா என்று விரலால் துழாவித் துழாவிப் பசுவுக்குப் போட்டார். ஒரு பிடியையும் பாதியில் விடவில்லை.

"தானா போகுமாம்" என்றார் பசுவிடம்.