பழைய காற்று அடிக்கும் பலகை

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஆனைக்குட்டம் ஏரிக்குள் அன்சார் போட்ட பலகைப் பாதையில், ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வருடத்து வானிலை இருந்தது. கரையை ஒட்டிய பலகையில் அவன் துபாய்க்கு விமானம் ஏறிய வருடத்து வெயில். அடுத்ததில் ஆற்றில் தண்ணீர் வராத வருடத்துப் புழுக்கம். கொஞ்சம் தள்ளி ஒரு பலகையில் விடாத மழை; அங்கே நனைந்தவர் பக்கத்துப் பலகைக்கு வந்து தலை துவட்டிக்கொள்ளலாம். தூண்டில் போட வந்தவர்கள் முதல் நாள் வாயைப் பிளந்தார்கள். மறுநாள் குடையோடு வந்தார்கள்.

வளைகுடாவில் படகுத்துறைகளுக்கு மரப்பாதை பொருத்துவது அன்சாரின் வேலை. விடுப்பில் வந்த நாட்களைத் தவிர அவன் ஊரில் இருந்ததில்லை. மகள் ஆமினா பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பினான். மனைவி பர்வின் அவனை விருந்தாளியைப்போல் நடத்தினாள். நல்ல தட்டில் சோறு வைத்தாள், போதுமா என்று கேட்டாள், அதற்குமேல் பேச அவளிடம் ஒன்றும் இல்லை. ‘மச்சான்’ என்று கூப்பிடுவது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கும் என்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஊராட்சியில் அனுமதி வாங்கி, கொல்லை முடியும் இடத்திலிருந்து சவுக்குக் கால்களை ஊன்றி, வேப்பம்பலகைகளைத் திருகாணியால் முடுக்கினான். அவன் இல்லாத வருடங்கள் பலகைக்கு ஒன்றாக வந்து அமரும் என்று யாரும் திட்டமிடவில்லை.

பர்வின் நடந்து பார்க்க வந்தாள். மழைப் பலகையில் நின்று, “இது ஆமினா பொறந்த அன்னைக்குப் பெஞ்ச மழை” என்றாள். இன்னும் உள்ளே போய், கஜா புயல் வருடத்துப் பலகையில் கால் வைத்தவள் சட்டென்று திரும்பிக் கரைக்கே வந்துவிட்டாள்.

“அதைப் பிரிச்சுப் போட்டுருங்க.”

“ஏன் பர்வின்?”

“ஒரு தடவை பட்டது போதும். ராத்திரி பூரா கதவு பிச்சுக்கிட்டுப் போகாம ஒத்தையா முதுகு கொடுத்து நின்னேன். லைன் கிடைச்சதும் போன்ல ‘ஓடு போயிருச்சா’ன்னு கேட்டீங்க. என்னைக் கேக்கல.”

அன்சார் போய் அந்தப் பலகையில் நின்றான். ஏரி மற்ற இடமெல்லாம் அசையாமல் கிடந்தது. அவன்மேல் மட்டும் காற்று அடித்தது. எங்கிருந்தோ வந்த தென்னோலை தோளில் அறைந்தது. நடுப்பகலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதும் முதுகைக் காற்றுக்குக் கொடுத்தபடி நின்றான். பர்வின் கொல்லையில் காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் சாயத் தொடங்கியும் அவன் கரைக்கு வரவில்லை. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் பலகைகளைக் கடந்து போனாள். அவன் பக்கத்தில், அவனைப்போலவே முதுகு கொடுத்து நின்றாள்.

“இன்னும் பெரிய வீச்சு ஒண்ணு இருக்கு. அது போனாத்தான் அடங்கும். கையைப் பிடிச்சுக்குங்க மச்சான்.”

வீச்சு வந்தது. என்றோ விழுந்துபோன தென்னந்தோப்பு மறுபடி மரம் மரமாக விழும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

“அன்னைக்குப் பயந்துட்டியா?” என்று கத்தினான்.

“ரொம்ப” என்றாள். காற்று அடங்கும்வரை அழுதாள். அவன் கையை விடவில்லை.

பலகையைப் பிரிக்கவில்லை. காற்றும் தினமும் அடித்தது. அந்த அறுவடையில் ஒரு நாள் இலைகூட அசையாதபோது, பக்கத்து வயல் துரைராசு தார்ப்பாயும் முறமுமாக வந்து, “அக்கா, அந்தப் பலகையில கொஞ்சம் நெல்லு தூத்திக்கட்டுமா?” என்று கேட்டான். அடுத்த போகத்தில் மேலும் சிலர் வந்தார்கள். பதர் தண்ணீரில் விழ, கெண்டை மீன்கள் மேலே வந்தன. மாலை அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் பெரிய வீச்சு வரும். “முறத்தைப் பிடிச்சுக்குங்க!” என்று பர்வின் கொல்லையிலிருந்து குரல் கொடுப்பாள். எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள்.