ஒற்றைச் செருப்பு விலை

வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் கடலில் ஆடிவிட்டு உயிரோடு கரையேறுவதற்கு விலை, இருபத்திரண்டு வருடமாக ஒற்றைச் செருப்பு. பேசி முடித்தவர் தாத்தா. துணி மொத்த வியாபாரி. எதிரே இருப்பது கடலே ஆனாலும் சொன்ன விலைக்கு வாங்கும் பழக்கம் அவரிடம் இல்லை. விடுமுறையின் முதல் நாள் காலை, குடும்பம் வருடாவருடம் வந்து தங்கும், ஓடு சரிந்த கடற்கரை வீட்டின் கடைசிப் படியில் உட்காருவார். வருகிற அலைமேல் துண்டைப் போட்டு, சந்தையில் பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியாமல் பேசுவது போல, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். கடல் முதலில் ஒரு விரல் வைக்கும். ஒரு விரல் என்றால் ஓர் ஆள். தாத்தா சிரித்துவிட்டு எழுந்து நாலடி நடப்பார். அலை பின்னாலேயே வந்து காலைத் தொடும். அரை மணி நேரத்தில் ஒற்றைச் செருப்புக்குப் படிந்துவிடும். படிந்த பிறகும் கையை விடமாட்டார், கொசுறு கேட்பார். கடல் ஒரு வாளி மீனோ நல்ல மரப்பலகையோ ஒதுக்கிவிட்டுப் போகும்.

மழைக்காலத்தில் தாத்தா போய்ச் சேர்ந்தார். கோடையில் குடும்பம் வழக்கம் போல வந்து இறங்கியது. அவருடைய செருப்பு ஜோடி போன வருடம் கழற்றிய இடத்திலேயே வாசலில் கிடந்தது. எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். மறுநாள் காலை கடல் கடைசிப் படிவரை வந்து, பின்வாங்காமல் நின்றது. படியில் ஏழு பிள்ளைகளும் நின்றார்கள்.

தாத்தாவின் மகன் துண்டோடு இறங்கினான். வங்கியில் மேலாளர், விலைச்சீட்டு ஒட்டிய கடையில் மட்டும் வாங்கிப் பழகியவன். துண்டுக்கடியில் கையை விட்டான். கடல் ஒரு விரலை வைத்தது. அது ஏதோ வரவேற்பு என்று நினைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். அந்த வியாபாரத்தில் குலுக்கினால் படிந்தது என்று அர்த்தம். அலை மெல்ல எழுந்து கடைக்குட்டியின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று மாவுக் கையோடு ஓடிவந்தாள் அவனுடைய அக்கா. அப்பாவின் கடைக் கல்லாவில் பதினைந்து வருடம் உட்கார்ந்தவள்.

"கை குடுத்தேன்க்கா, அவ்வளவுதான்."

"துண்டை மட்டும் எடுத்துடாதே. அதை எடுக்குற வரைக்கும் எதுவும் முடியல."

தம்பி துண்டைப் பிடித்துக்கொள்ள, அவள் கையை நுழைத்தாள். "இவனுக்குக் கத்தரிக்காயே வாங்கத் தெரியாது. இவன் பேசினதை எல்லாம் கணக்குல வெக்காதீங்க," என்று கடலின் விரலை மடக்கினாள். கடல் ஜோடிச் செருப்புக்கு இறங்கியது, அதுவும் தாத்தாவுடையது. அவள் எழுந்து நாலடி நடந்தாள். அலை வரவில்லை. பின்னால் கடைக்குட்டி அத்தை என்று கூப்பிட்டது. அவள் திரும்பாமல் ஐந்தாவது அடியும் வைத்தாள். அந்த ஓர் அடிக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. அப்புறம்தான் குதிகாலில் ஈரம் பட்டது. கடைக்குட்டியின் கால் விடுபட்டது.

ஒற்றைக்குப் படிந்துவிட்டது. வாசலில் இருந்து அப்பாவின் இடது செருப்பை எடுத்து வந்து, தூசியைத் துடைத்துக் கொடுத்தாள். துண்டுக்கடியில் மறுபடி கையைப் பிடித்து, "கொசுறு?" என்றாள். கடல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுபடி அதே ஒரு விரலை அவள் உள்ளங்கையில் வைத்தது. அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லி வளர்ந்தவள் இல்லை. குலுக்கினாள். துண்டை எடுத்தார்கள்.

வெயில் சாயும் முன்னே பிள்ளைகள் கரையேறியபோது அவள் தலை எண்ணினாள். எட்டு வந்தது. தம்பி எண்ணினான், அவனுக்கும் எட்டுதான். எட்டாவது ஆள் சட்டையைப் பிழிந்தபடி, இடது காலில் செருப்போடு படியேறி வந்து, வாசலில் கிடந்த வலது செருப்புக்குள் காலை நுழைத்தார்.

"பகல்ல எதுக்குடா லைட் எரியுது?" என்றார்.

மகன் போய் அணைத்தான். மகள் சாப்பாட்டு மேசைக்கு இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டாள். அந்த வருடம் கடலுக்குக் கொடுத்தது ஒற்றைச் செருப்பு. அதுவும் காலோடு திரும்பிவிட்டது. இறங்கியவர்கள் ஏழு. ஏறியவர்கள் எட்டு.