மேசை மேல் அறுபத்திரண்டு சதவீதம்

எங்கள் வில்லியனூர் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. நாங்கள் டீசல் ஊற்றும் நாற்பத்தோரு டேங்குகளிலும் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லும். ஒவ்வொரு டேங்கின் மேலும் திருகியிருக்கும் சென்சார் உள்ளே பார்த்து அளவை அனுப்புகிறது. முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால்தான் லாரி கிளம்ப வேண்டும். அதற்கு முன் அனுப்பினால் 'தேவையற்ற பயணம்' என்று அனுப்பியவர் பெயரில் சிவப்புப் புள்ளி விழும். வேலைத்திறனை அளக்கும் இந்தக் கணக்குக்கு கே.பி.ஐ. என்று பெயர். மாதத்தில் மூன்று புள்ளி விழுந்தால் வேலை போச்சு. லாரி அனுப்புகிற என் பெயரில் ஏற்கெனவே இரண்டு.

திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். முன்பெல்லாம் பாதி லாரி ஊற்ற இடமில்லாமல் திரும்பி வரும். ஆனால் திரையில் தெரிகிற எண்ணைக் கும்பிடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நல்லவாடு ஐஸ் பாக்டரி 62 காட்டியது. முந்தாநாளும் 62. புயல் எச்சரிக்கையில் படகெல்லாம் கரை திரும்பி, மீன் வந்து குவிந்திருந்தது. கரண்ட் இல்லாமல் இரண்டு நாளாக அங்கே ஜெனரேட்டர்தான் ஓடுகிறது. ஓடுகிற ஜெனரேட்டர் காற்றையா குடிக்கிறது? ஆபரேட்டர் பக்கிரிக்குப் போன் போட்டேன்.

“அளவுக் குச்சிய வுட்டுப் பாருங்கண்ணே.”

“சென்சார் வந்தப்புறம் குச்சி எதுக்குமா? அதுல கைலி காயப் போட்டிருக்கோம். என் போன்லயும் அறுபத்திரண்டுதான் காட்டுது.”

மேனேஜர் அருள்முருகன் கேட்டுக்கொண்டிருந்தார். “கஸ்தூரி, லாரிய அனுப்பினா மூணாவது சிவப்பு. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.”

“அழுறதுக்கு வேற ஆளப் பாருங்க சார். மீனு நாறினா இந்தத் திரையா போய் அள்ளும்?”

பயமில்லை என்றால் பொய். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. டிரைவர் சார்லஸிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நானும் லாரியில் ஏறிக்கொண்டேன்.

நல்லவாட்டில் இறங்கியதும் பக்கிரியின் கைலியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குச்சியை உருவினேன். டேங்கைத் திறந்து உள்ளே விட்டேன். நுனியில் இரண்டு விரற்கடை ஈரம். மிச்சம் இருந்த டீசல் அவ்வளவுதான்.

பக்கிரிக்கு முகம் செத்துவிட்டது. சார்லஸ் குழாயை மாட்டினார். நான் சென்சாரைக் கழற்றிப் புரட்டினேன். அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்து இறுகிய சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு.

“இன்னாண்ணே இது?”

“போன வாரம் ஆயுத பூஜைமா. மோட்டாரு, ஜெனரேட்டரு, தராசு எல்லாத்துக்கும் வச்சோம். இத்த மட்டும் வுட்டா எப்படி? கழட்டித் தொடச்சி, மூஞ்சி எதுன்னு பாத்து வச்சேன்.”

திட்ட வாய் வரவில்லை. மூஞ்சியைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்; சென்சார் உள்ளே பார்க்கிற கண் அதுதான், சந்தனம் மூடிய நாளிலிருந்து அதே 62. சந்தனத்தைத் துடைக்காமல் சென்சாரை என் பையில் போட்டுக்கொண்டேன்.

சார்லஸோடு அலுவலகம் திரும்பியபோது என் பெயரில் மூன்றாவது சிவப்பு விழுந்திருந்தது. அருள்முருகன் ஒரு தாளை நீட்டினார்.

“நான் இன்னா பண்றது கஸ்தூரி? சிஸ்டம் போட்டது. தேவையற்ற பயணம்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடு.”

நான் பேனாவைத் தொடவில்லை. சென்சாரை எடுத்து அந்தத் தாளின் மேலேயே வைத்தேன்.

“இதுதான் நல்லவாடு டேங்க் சென்சார். இப்ப திரையப் பாருங்க சார்.”

பார்த்தார். நல்லவாடு, 62.

“உங்க மேசை மேல அறுபத்திரண்டு சதவீதம் டீசல் இருக்கு. ஒரே ஒரு லிட்டர் புடிச்சிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

சார்லஸ் சத்தமாகவே சிரித்துவிட்டார். அருள்முருகன் சிரிக்கவில்லை. திரையையும் சந்தனத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை மெல்ல உருவி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார்.

“மடிக்காதீங்க சார். கிழிங்க.”

கிழித்தார்.