இடது கை முதலில்

பிரெயில் அச்சகத்தின் பின்னறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று அண்ணியுடையது, மற்றது நாத்தனாருடையது. அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. புடைத்த புள்ளிகளாக அச்சாகி வந்த மெய்ப்புத் தாளின் மேல் வலது சுட்டுவிரலை ஓட்டி, அவர் உரக்கப் படிப்பார். அவருடைய கணவரின் தங்கையான நாத்தனார், அதே பாடத்தின் சாதாரண அச்சுப் பிரதியைக் கண்ணால் தொடர்ந்து வருவாள். இரண்டும் ஒத்துப்போனால் அவள் வாய் திறப்பதில்லை. பிசகினால் "தப்பு அண்ணி" என்பாள். அண்ணி விரலை அங்கேயே நிறுத்திக்கொள்ள, புள்ளிகளைப் பதிக்கும் உலோக அச்சுத் தகட்டைத் திருத்துபவர் வந்து இடத்தைக் குறித்துக்கொண்டு போவார்.

மெய்ப்புப் படிப்பவர்கள் நிறுத்தக்குறிகளையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கம் அண்ணியோடு வீடுவரை வந்துவிட்டிருந்தது. "சாப்பிட வாங்க கமா, ஆறிப்போகுது முற்றுப்புள்ளி" என்றுதான் கணவரை அழைப்பார். நாளெல்லாம் பேருந்து ஓட்டிக் களைத்து வரும் அண்ணன், இந்த ஊரிலேயே சண்டைகூட இலக்கணத்தோடு நடக்கிற வீடு தன்னுடையது ஒன்றுதான் என்று தங்கையிடம் குறைபட்டுக்கொள்வார்.

அண்ணியின் கைகளில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சி எப்போது தொடங்கியது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கையை உதறிக்கொள்வார், தேநீர்க் கோப்பை நழுவும், கையை மடக்கித் தூங்கிவிட்டதாகச் சமாதானம் சொல்வார். நாத்தனாரின் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று. அண்ணி படித்து முடித்த தாள்களில், விரல் போன வழியெல்லாம் புள்ளிகள் நசுங்கிப் பளபளத்தன. அவ்வளவு அழுத்திப் படிக்கிற வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னபோது அண்ணி சிரித்தார்.

"உங்க அண்ணன் பஸ் ஓட்டுற ரோடு மாதிரி ஆயிடுச்சாக்கும்?"

பள்ளி இறுதித் தேர்வுக்கான அறிவியல் புத்தகம் மெய்ப்புக்கு வந்தது. பாடங்கள் தடையில்லாமல் ஓடின. எடைகளையும் அளவுகளையும் கொண்ட ஓர் அட்டவணை குறுக்கிட்டதும் அண்ணியின் குரல் தடுமாறியது. நாத்தனார் தப்பு என்றாள். தகடு திருத்துபவர் வந்து பார்த்து, தாளில் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அடுத்த வரியிலும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது முறை அவரை அழைப்பதற்கு முன்பாகவே அண்ணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாடம்னா வாக்கியம் எங்க போய் முடியும்னு தெரியும். நம்பருக்கு அப்படி ஒரு வழி கிடையாதேடி" என்றார் தணிந்த குரலில்.

கொஞ்ச காலமாகவே விரலுக்குப் பாதி எழுத்துகள்தாம் எட்டுகின்றன என்றும், மீதியைத் தாமே நிரப்பிக்கொண்டு படிப்பதாகவும் அவர் சொன்னார். இத்தனை வாரங்களாகத் தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது அச்சான தாளையல்ல, அண்ணியின் மனத்தை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனத்தில் பிழை இல்லாதபடியால் அவள் வாய் திறக்க நேரவில்லை. அந்தப் பருவத்தின் தகடுகள் அனைத்தையும் வேறொரு வாசகரை வைத்து மறுபடி படிக்க ஏற்பாடாயிற்று. மேலாளர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதலில் கையைக் காட்டிவிட்டு வரும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

நரம்பில் சிறு மின்னோட்டம் செலுத்திச் சோதித்த பிறகு, மருத்துவர் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். மணிக்கட்டில் எலும்புகளுக்கும், அவற்றின் மேல் பட்டையாகப் படிந்திருக்கும் தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு அதன் ஊடாகத்தான் செல்கிறது. அங்கே அது நெரிபடுகிறது. ஆரம்ப நிலை என்றால் மணிக்கட்டுப் பட்டையோ ஊசியோ போதுமானது. இடது கை அந்தக் கட்டத்தைத் தாண்டும் நிலையில் இருக்கிறது. வலது கை தாண்டி வெகுதூரம் போய்விட்டது. அந்தத் தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் உண்டாக்க வேண்டும். உள்ளங்கையைக் கீறித் திறந்தும் செய்யலாம். சிறு துளை வழியாகக் கேமராவைச் செலுத்தியும் செய்யலாம். பின்னதில் சற்று விரைவாக வேலைக்குத் திரும்பலாம். நாளடைவில் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கைகளையே கண்களாகக் கொண்ட ஒருவருக்கு இரண்டையும் ஒரே வேளையில் கட்டிப்போட்டுவிட முடியாது. எனவே வலது கையை முதலில் செய்துவிடலாம், அதுவும் உடனடியாக என்று மருத்துவர் முடித்தார்.

அண்ணி, இடது கையை முதலில் செய்யும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். மருத்துவர் தமக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்ததுபோல் மீண்டும் விளக்கினார். அண்ணி மாறவில்லை.

"என் கண்ணே அந்த விரல்தான் டாக்டர். கண்ணுல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி வேற எங்கயாவது வச்சுப் பாக்கணும்ல?"

"கத்தியக் கண்டு பயப்படாதீங்கம்மா. நாள் கடத்துறதுக்குப் பயப்படுங்க."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய கை எலும்புகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பின், கை அவளுடையது, நான் என்ன சொல்ல என்றார். அவர் சொல்லியிருந்தாலும் அண்ணி கேட்டிருப்பார் என்று நாத்தனார் நினைக்கவில்லை.

இடது கை அறுவை சிகிச்சை எல்லோரும் விரும்பியபடியே நடந்தது. கையை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால், அண்ணி விழித்தபடி படுத்துக்கொண்டு, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று மருத்துவரைத் தொடர்ந்து விசாரித்தாராம். அன்றைக்கே வீடு திரும்பினார்கள். வீக்கம் வடிவதற்காகக் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். விரல்களை அவ்வப்போது மடக்கி நீட்ட வேண்டும். அண்ணன் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் அந்தக் கைக்கு முன்னால் குனிந்து ஆசி வாங்கிக்கொள்வார். "போயிட்டு வாப்பா, யாரையும் இடிச்சிடாத" என்று அண்ணியும் வழங்குவார். தையல் பிரித்த பிறகும் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்ற முடியாமல் வலித்தது. புட்டி மூடிகளைத் திறக்க முடியவில்லை. ஆனால் எறும்பு ஊர்வது நின்றுவிட்டது. அதையே ஒரு நற்செய்தியாக அவர் அக்கம்பக்கமெல்லாம் சொன்னார்.

அந்த வாரங்களில் வீட்டு வேலை அனைத்தும் வலது கையின் தலையில் விழுந்தது. வழி தடவும் வெள்ளைக்கோல், துடைப்பம், கரண்டி, கதவுப் பிடி எல்லாம் அதற்குத்தான். அச்சகத்துக்கும் அவர் திரும்பிவிட்டார். தேர்வு எழுதும் பிள்ளைகள் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார்கள், எண்கள் இல்லாத பாடங்களையாவது இரண்டாம் பார்வை பார்க்கிறேன் என்று மேலாளரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டார். மணிக்கட்டுப் பட்டை கட்டினால் விரல் தாளின்மேல் சரியாகப் படியவில்லை என்று, படிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார். நாத்தனார் எதிரே உட்கார்ந்து அவருடைய கட்டைவிரலின் அடிச் சதையைக் கவனித்தாள். உருண்டையாக இருந்த இடம் வற்றி, பள்ளம் விழுந்திருந்தது. அன்று மாலை அவளே மருத்துவமனைக்குப் போய் வலது கைக்கு நாள் வாங்கி வந்தாள். அண்ணி மறுக்கவில்லை.

வலது கையைத் திறந்தே செய்யலாம், நரம்பை நேரில் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டு வெளியே வந்து, நெரிபட்ட இடத்தில் நரம்பு ஒடுங்கி வெளிறிப் போயிருக்கிறது என்று அண்ணனிடம் தெரிவித்தார். இனி அது மெதுவாகத்தான் தேறும்; எவ்வளவு தேறும் என்பதை மாதங்கள் கழித்தே சொல்ல முடியும்.

வலி உடனே போயிற்று. வலி போனதால் எல்லோரும் நம்பினார்கள். அண்ணி காலைதோறும் பழைய தாள் ஒன்றை எடுத்து விரலை வைப்பார். முதலில் மணல் மாதிரி இருப்பதாகச் சொன்னார். பிறகு, துணி சுற்றிய கையால் தொடுவதுபோல் இருக்கிறது என்றார். பிறகு நாத்தனாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இடது விரலைப் பழக்கலாமே என்று அண்ணன் யோசனை சொன்னார். அது அத்தனை வருடமும் அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்வதற்காக மட்டுமே இருந்த விரல். எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போய், வரி முடிவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிட்டது.

குறித்த மாதங்கள் கழிந்து போனபோது, மருத்துவர் ஒரு மெல்லிய கம்பியை வளைத்து, அதன் நுனிகளை நெருக்கமாக வைத்துக்கொண்டார். சில தடவை ஒரு நுனியாலும் சில தடவை இரு நுனிகளாலும் சுட்டுவிரலைத் தொடுவதாகவும், எத்தனை என்று சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணு" என்றார் அண்ணி. விரலின்மேல் இரண்டு நுனிகள் இருந்தன.

மருத்துவர் இடம் மாற்றித் தொட்டார். இரண்டு நுனிகள்தாம். "ஒண்ணு."

நுனிகளைச் சற்று விலக்கித் தொட்டார். அண்ணி கொஞ்சம் யோசித்து, இரண்டு என்றார். அவர் அதை விரலால் அறிந்து சொல்லவில்லை, நெடுநேரமாக ஒன்றையே சொல்லிவிட்டோமே என்று நினைத்துச் சொன்னார் என்பது நாத்தனாருக்குத் தெரிந்தது. அடுத்த தடவை ஒரே நுனி. அதற்கும் இரண்டு என்றார். அண்ணி முகத்தை நாத்தனார் இருந்த பக்கம் திருப்பினார்.

"நீ பாத்துட்டுதானே இருக்க? சொல்லு."

நாத்தனாருக்குப் பொய் வாய்வரை வந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் ஒருமுறைகூட அவள் அப்படிச் செய்ததில்லை.

"தப்பு அண்ணி" என்றாள்.

அண்ணி தலையசைத்துக்கொண்டார். மருத்துவருக்கு நன்றி சொல்லி, அவர் அன்று சொன்ன புத்தியைத் தாம் கேட்காமல் போனதற்கு மன்னிக்கவும் வேண்டினார். இடது கை நன்றாக இருக்கிறதல்லவா, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.

அச்சகத்தில் புதிய வாசகியை அமர்த்தினார்கள். அவளுக்கு எதிரே உட்கார மாட்டேன் என்று நாத்தனார் வீட்டில் பிடிவாதம் பிடித்தாள். அண்ணி இடது கையால் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க புத்தகம் இல்லாம உக்காந்திருக்கட்டுமா? போடி. அங்க போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாலும் அவளுக்குத் தெரியவா போகுது?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். பின்னர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

புதிய வாசகி நன்றாகவே படித்தாள். விரல் இலகுவாகப் போயிற்று. தாளில் ஒரு புள்ளியும் நசுங்கவில்லை. குரல் இளையது, வேகமானது. ஒவ்வொரு நிறுத்தக்குறியையும் தவறாமல் சொன்னாள். அச்சுப் பிரதியில் நாத்தனாரின் பார்வை ஒரே வரியில் நின்றுகொண்டிருந்தது. அந்த வரி கலங்கி, தெளிந்து, மீண்டும் கலங்கியது. வாசகி பத்தி முடிவில் நிறுத்திக் காத்திருந்தாள். எதிரிலிருந்து ஒரு சத்தமும் வராததால் முகத்தைச் சற்று உயர்த்தினாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா" என்றாள் நாத்தனார். "அந்தப் பத்திய முதல்லேந்து ஒரு தடவை படிக்கிறியா?"